யாரிடம் முதலில் சொல்வது: பதின்பருவ விளையாட்டு நாவல்களில் ஒரு ரகசியம் போகும் வழி

2022 மே மாதம் ஜேக் டேனியல்ஸ் என்ற 17 வயதுக் கால்பந்து வீரர், தான் ஒரு கே, அதாவது தன்பாலீர்ப்புள்ளவர், என்று வெளிப்படையாக அறிவித்தார். இங்கிலாந்தின் பிளாக்பூல் கிளப்பின் முதல் அணிக்காக அவர் களமிறங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 1990-ல் ஜஸ்டின் ஃபஷானு சொன்னதற்குப் பிறகு, பிரிட்டனில் ஆடிக்கொண்டிருக்கும்போதே இதைச் சொன்ன ஆண் தொழில்முறைக் கால்பந்து வீரர் இவர்தான். நடுவில் 32 ஆண்டுகள். அந்த அறிவிப்பில் போகிற போக்கில் அவர் சொன்ன ஒரு தகவல் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. அம்மாவிடமும் சகோதரியிடமும் விஷயத்தைச் சொன்ன மறுநாள் அக்ரிங்டன் அணியோடு மேட்ச். அதில் நான்கு கோல் அடித்தாராம்.

ஒரு நாவலாசிரியர் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால், “நான்கு வேண்டாம், ஒன்று போதும், நம்புகிற மாதிரி இருக்கட்டும்” என்று எடிட்டர் பென்சிலால் வட்டம் போட்டிருப்பார்.

ஆங்கிலப் பதின்பருவ நாவல்களில் இந்தப் பையன் ஜேக் டேனியல்ஸுக்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டான். அமெரிக்கக் கால்பந்தில் கையால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக, கூடைப்பந்து ஸ்டாராக, ஐஸ் ஹாக்கி கேப்டனாக, ரக்பி வீரனாகப் பல உருவங்களில் வருகிறான். தன்பாலீர்ப்புள்ள பையன், டீமுக்குத் தெரியாது, சீசன் நடக்கிறது, கடைசியில் தெரிகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே கதை. ஆனால் அதன் உள்ளே ஓடும் பொறி சுவாரசியமானது. அது எப்படி வேலை செய்கிறது, காலப்போக்கில் ஏன் மாறியது என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் வார்த்தை. ஆங்கிலத்தில் ‘கமிங் அவுட்’ என்பதும் ‘அவுட்டிங்’ என்பதும் ஒரே வேரில் வந்த சொற்கள். காதில் விழும்போது அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தமிழில் நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. தானாகச் சொல்லிக்கொள்வது ஒன்று. இன்னொருவர் போட்டு உடைப்பது வேறொன்று. இந்த நாவல்களைப் புரிந்துகொள்ள நம் மொழி பிரித்துக் கொடுக்கும் இந்த இடைவெளியே போதும். ஏனென்றால் இந்த வகை நூல்களில் பாதிக்குமேல் சொல்லிக்கொள்வதற்கும் போட்டு உடைபடுவதற்கும் நடுவே நடக்கிற ஓட்டப்பந்தயம்தான்.

புத்தகத்தை எடுக்கிறவருக்கு அட்டையிலேயே கதை தெரிந்துவிடுகிறது. பையன் சொல்லத்தான் போகிறான். அதில் சஸ்பென்ஸ் கிடையாது. யாரிடம் முதலில், யாரிடம் அடுத்து, யாருக்கு அவன் சொல்லாமலே தெரிந்துபோகிறது என்பதில்தான் நாவல் தொங்கிக்கொண்டிருக்கிறது. நெருங்கிய நண்பன், அம்மா, கேப்டன், கோச், அவனுடைய காதலி என்று பள்ளியே நினைத்துக்கொண்டிருக்கும் பெண், அப்பா. ஒருவரிடம் போய்ச் சேர்ந்த விஷயம் அடுத்தவரிடமிருந்து மறைப்பதைக் கடினமாக்கிவிடும். நண்பனுக்குத் தெரிந்தால் நண்பனின் முகம் மாறும். முகம் மாறினால் கேப்டன் கவனிப்பான். கேப்டன் கவனித்தால் பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது மாறும். இந்த வரிசையை எழுத்தாளர் எப்படி அடுக்குகிறார் என்று பார்த்தாலே அவருடைய திறமை தெரிந்துவிடும். சுமாரான நாவல்களில் எல்லோருக்கும் ஒரே காட்சியில், மைக்கில், கைதட்டலோடு தெரிகிறது. நல்லவற்றில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, தவறான நேரத்தில் தெரிகிறது.

சரி, ஏன் விளையாட்டு வீரன்? பள்ளி நாடகக் குழுவில் இருக்கும் பையனை வைத்தும் இதே கதையை எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் நாடகக் குழுப் பையன்மேல் ஊருக்கு முன்கூட்டியே ஒரு சந்தேகம் இருக்கும். வீரன்மேல் இருக்காது. தோளை இடித்துக்கொண்டு ஓடுகிறவன், பெண்கள் சுற்றி நின்று பார்க்கிறவன், அவன் எப்படி அப்படி இருப்பான் என்று உலகம் முடிவுகட்டிவிட்டது. ஆகவே அவன் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும். மற்றவர்களின் தவறான எண்ணத்தைத் திருத்தாமல் விட்டது பொய்யில் சேருமா என்று இரவெல்லாம் புரண்டு படுப்பது அவன் பாடு.

லாக்கர் ரூமைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பயிற்சி முடிந்து முப்பது பையன்கள் உள்ளே வருகிறார்கள். ஈரத் துண்டு, வியர்வை, பாடி ஸ்ப்ரே நெடி, யாரோ யார் முதுகிலோ துண்டை முறுக்கிச் சுளீரென்று அடிக்கிற சத்தம். நம் பையன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்க்கிறான். அரை நிமிடத்தில் அவிழ்க்க வேண்டியதை நான்கு நிமிடம் அவிழ்க்கிறான். குளிக்கிற இடம் காலியாகட்டும் என்று காத்திருக்கிறான். கண்ணை எங்கே வைப்பது என்பது அவனுக்குத் தனியாக ஒரு பயிற்சி: லேஸ், தரை, லாக்கர் கதவில் பாதி கிழிந்த ஸ்டிக்கர். மற்றவர்கள் சாதாரணமாக ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாரையும் பார்க்காதவன் அந்த அறையில் அவன் ஒருவன்தான். இத்தனை கவனமாகப் பார்க்காமல் இருப்பதே ஒருநாள் காட்டிக்கொடுத்துவிடுமோ என்பது அவன் பயம்.

வெளியில் இருப்பவர்கள் இந்தப் பயத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அங்கே அவனுக்கு ஆசையை அடக்குவதுதான் பெரிய போராட்டம் என்று நினைக்கிறார்கள். அவனோ பழசை நினைத்துத்தான் நடுங்குகிறான். விஷயம் தெரிந்த அன்று, கடந்த மூன்று வருடங்களை அவர்கள் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். ‘இத்தனை நாள் நம்மோடு குளித்தானே’, ‘அன்றைக்குக் கட்டிப்பிடித்தானே’ என்று ஒவ்வொரு கோல் கொண்டாட்டத்துக்கும் புது அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். நட்பாக நடந்ததெல்லாம் நட்பாகவே நிற்குமா என்பதுதான் கேள்வி. இதை எழுதத் தெரிந்தவர் ஒரு பக்கத்தில் சொல்லிவிடுவார். தெரியாதவர் முப்பது பக்கத்துக்குக் கொடுமைப்படுத்தும் வில்லன் ஒருவனை உருவாக்குவார்.

வில்லனைவிட மோசம், கெட்ட எண்ணம் இல்லாத நண்பன். பந்தைத் தவறவிட்டவனைப் பார்த்து அந்த வசைச் சொல்லை முற்றுப்புள்ளி மாதிரிப் பயன்படுத்துகிறவன் அவன். அவனுக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை, அது வெறும் சத்தம். கேட்டுக்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் அர்த்தம். அந்த நண்பனையே முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வைக்கிற நாவல்கள் எனக்குப் பிடிக்கும்.

இதெல்லாம் எழுதத் தொடங்கிய காலத்தில் இவ்வளவு நிதானமாக எழுத முடியவில்லை. பதின்பருவத்தினருக்கான நாவல்களில் இந்த ஈர்ப்பை முதலில் தொட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, 1969-ல் ஹார்ப்பர் அண்ட் ரோ வெளியிட்ட ஜான் டோனவனின் ‘ஐ வில் கெட் தேர். இட் பெட்டர் பி வொர்த் தி ட்ரிப்’. அதில் 13 வயது டேவிக்கும் நண்பனுக்கும் இடையே ஒரு முத்தம். பின்னால் டேவியின் நாய் கார் மோதிச் செத்துப்போகிறது. தான் செய்ததற்குக் கிடைத்த தண்டனை அது என்று பையன் நம்புகிறான். 1974-ல் வந்த சாண்ட்ரா ஸ்கோப்பெட்டோனின் நாவலில் காதலித்த இரு பையன்களில் ஒருவன் கார் விபத்தில் சாகிறான். அந்தக் காலப் புத்தகங்களில் கார்களுக்கு ஒழுக்க உணர்வு சற்று அதிகம்.

அதே 1974-ல்தான் விளையாட்டு உள்ளே வந்தது, ஆனால் பெரியவர்களுக்கான நாவலில். பாட்ரீசியா நெல் வாரனின் ‘தி ஃபிரன்ட் ரன்னர்’. பில்லி சைவ் என்ற நெடுந்தூர ஓட்டக்காரன், அவனுடைய கோச் ஹார்லன் பிரவுன், இருவருக்கும் இடையில் காதல், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸை நோக்கிய ஓட்டம். அப்போது இன்னும் நடக்காத ஒலிம்பிக்ஸ் அது. 10,000 மீட்டரில் பில்லி தங்கம் வாங்குகிறான். 5,000 மீட்டர் ஓடும்போது டிராக்கிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். கோச்சும் மாணவனும் காதலிப்பதை இன்றைய பதின்பருவப் பதிப்பகம் எதுவும் தொடாது, அது நியாயம்தான். ஆனாலும் இந்த வகை முழுவதற்கும் அது பாட்டி. வாரன், பெண்களுக்குப் போஸ்டன் மாரத்தானில் இடமே இல்லாத 1960களின் இறுதியில் அனுமதி இல்லாமல் அதில் ஓடியவர். வெளியே நிறுத்தப்பட்டவர் ஓடும்போது கால் எப்படி வலிக்கும் என்று அவருக்குத் தெரியும், அது நாவலின் ஓட்டக் காட்சிகளில் தெரிகிறது. இன்று பல நாடுகளில் ஃபிரன்ட் ரன்னர்ஸ் என்ற பெயரில் பால்புதுமையர் ஓட்டக் கிளப்புகள் இயங்குகின்றன. பெயர் இந்த நாவலிலிருந்து எடுத்தது.

சாவில் முடித்ததை இன்று குறை சொல்வது எளிது. அந்த எழுத்தாளர்களின் கண்முன் வேறு முடிவு எதுவும் இருக்கவில்லை. அமெரிக்கக் கால்பந்தின் டேவிட் கோப்பே 1975-ல் வாய் திறந்தபோது ஓய்வுபெற்றிருந்தார். பிரிட்டனில் பத்து லட்சம் பவுண்டுக்கு விலைபோன முதல் கறுப்பின வீரர் ஜஸ்டின் ஃபஷானு. 1990-ல் ‘தி சன்’ பத்திரிகையில் சொன்னார், சொந்தத் தம்பியே பகிரங்கமாகக் கைவிட்டார், 1998-ல் தற்கொலை செய்துகொண்டார். வயது 37. பதினாறு வயது வாசகன் ஒருவன் நூலகத்தில் தன்னைப் போன்ற வீரன் யாராவது நன்றாக வாழ்ந்தானா என்று தேடியிருந்தால், கதையிலும் கிடைக்காது, செய்தித்தாளிலும் கிடைக்காது.

முதலில் மாறியது செய்தித்தாள். மாசசூசெட்ஸில் டாப்ஸ்ஃபீல்டு என்ற சிறு ஊரின் மாஸ்கனோமெட் பள்ளியில் கோரி ஜான்சன் என்ற மாணவன் அமெரிக்கக் கால்பந்து அணியின் இணை கேப்டன், லைன்பேக்கர் என்ற தற்காப்பு ஆட்டக்காரன். 1999-ல் டீமைக் கூப்பிட்டுச் சொன்னான். அதற்குமுன் ஆசிரியர்கள், கோச், பெற்றோர் என்று ஒரு வரிசையில் விஷயம் தயாராகியிருந்தது. டீம் அவனைக் கைவிடவில்லை. அடுத்த சீசனும் கேப்டனாகவே ஆடினான். 2000 ஏப்ரலில் ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் வந்தது. (பின்னாளில் அவர் நியூயார்க் நகர மன்றத்தின் சபாநாயகர் ஆனார்.) இந்தச் செய்திக்குப் பிறகு, டீம் ஏற்றுக்கொண்டது என்று ஒரு நாவலாசிரியர் எழுதினால் அதை யாரும் ஆசைக்கனவு என்று ஒதுக்க முடியாது.

அடுத்த சில ஆண்டுகளில் கதவு நன்றாகத் திறந்தது. 2001-ல் அலெக்ஸ் சாஞ்செஸின் ‘ரெயின்போ பாய்ஸ்’. மூன்று பையன்களில் ஒருவன் ஜேசன், கூடைப்பந்து ஸ்டார், காதலி உண்டு, குடிகார அப்பா உண்டு. 2003-ல் டேவிட் லெவித்தன் முற்றிலும் வேறு மாதிரி ஒரு கற்பனை ஊரை எழுதினார். அங்கே யாரும் எதையும் பொருட்படுத்துவதில்லை, பள்ளியின் குவார்ட்டர்பேக்கே பெண் வேடத்தில் வலம் வரும் ராணி. யதார்த்தம் இல்லை என்று அதைப் பலர் தள்ளிவைத்தார்கள். அந்தக் குவார்ட்டர்பேக் ராணியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. பயமே இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்று ஒருமுறையாவது எவராவது வரைந்து பார்க்க வேண்டாமா?

இந்த வகையின் நடுத்தூண் என்று நான் நினைப்பது 2008-ல் வந்த பில் கோனிக்ஸ்பெர்க்கின் ‘அவுட் ஆஃப் தி பாக்கெட்’. எழுதியவர் விளையாட்டு நிருபர். 2001-ல் இஎஸ்பிஎன் இணையதளத்தில் தன்னைப் பற்றிய கட்டுரை மூலம் தானே வெளிப்படுத்திக்கொண்டவர். அதனாலோ என்னவோ, அவருடைய நாவலில் ஆபத்து வருவது லாக்கர் ரூமிலிருந்து இல்லை, பத்திரிகையிலிருந்து. கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளியின் குவார்ட்டர்பேக் பாபி. நம்பிச் சொன்ன ஒருவன் பள்ளிப் பத்திரிகைக்கு எழுதுகிற மாணவன். அவன் விஷயத்தை வெளியே விட்டுவிடுகிறான். யாரிடம் எப்போது சொல்வது என்று பாபி போட்டு வைத்திருந்த கணக்கு ஒரே நாளில் கலைகிறது. கெட்டவன் என்று அந்த நிருபர்ப் பையனை ஒதுக்கிவிடவும் முடியவில்லை. அவனுக்கு நல்ல செய்தி கிடைத்தது, அவ்வளவுதான். செய்தித் தொழிலில் இருந்தவர் எழுதியதால் வந்த கூர்மை இது.

அதே கோனிக்ஸ்பெர்க் 2013-ல் இதைத் தலைகீழாகவும் எழுதினார். கொலராடோவில் எல்லோருக்கும் தெரிந்த, பெற்றோர் கொண்டாடுகிற கே பையன் ரேஃப். அந்த அடையாளமே சலித்துப்போய், மாசசூசெட்ஸில் ஆண்கள் மட்டும் படிக்கும் உறைவிடப் பள்ளிக்குப் போகிறான். எதுவும் சொல்லாமல் கால்பந்து அணியில் சேர்கிறான். முதல் நாளே கூட்டத்தில் ஒருவனாகிவிடுகிறான். அந்தச் சுகம் அவனுக்குப் போதையாகிறது. வெறுப்புக்குப் பயந்து மறைக்கிறவர்களைப் பற்றி நிறைய நாவல்கள் உண்டு. ஓய்வுக்காக மறைக்கிறவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு பையன் டீம்மேட்டாக மட்டும் இருக்க ஆசைப்படுவது அவ்வளவு பெரிய குற்றமா என்று பாதிவரை நம்மையும் அவன் பக்கம் சாய்த்துவிடுகிறார்.

இங்கே ஒரு குறை. எண்ணிப் பார்த்தால் இந்த நாவல்களின் நாயகர்களில் பெரும்பாலோர் ஸ்டார்கள். குவார்ட்டர்பேக், கேப்டன், அதிக கோல் அடிப்பவன். காரணம் விளங்குகிறது: விழுவதற்கு உயரம் வேண்டும். ஆனால் இதில் சொல்லாமல் ஒரு பேரம் ஒளிந்திருக்கிறது. ‘அவன் எங்களுக்கு ஜெயித்துக் கொடுக்கிறான், அதனால் ஏற்றுக்கொள்கிறோம்.’ கடைசி மேட்சில் அவன் எறிந்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டாமல் விழுந்திருந்தால்? வெற்றிக் கூச்சலுக்கு நடுவே கட்டிப்பிடிக்கிறவர்கள் தோல்விக்குப் பிறகு பஸ்ஸில் எங்கே உட்காருவார்கள்? பெஞ்சிலேயே சீசன் முழுக்க உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரன் சொல்லிவிட்டால் டீம் என்ன செய்யும் என்பதை எழுத யாருக்கும் அவசரம் இல்லை.

உண்மையில் இந்தப் பேரம் ஸ்டாருக்கே கைகொடுக்காது என்று மைக்கேல் சாம் விஷயத்தில் தெரிந்தது. மிசூரி பல்கலைக்கழக வீரர். 2013 ஆகஸ்டில் தன் டீமிடம் சொன்னார். முழு சீசனும் அந்த டீம் ரகசியத்தைக் காப்பாற்றியது. நாவல்கள் லாக்கர் ரூமைப் பற்றிச் சொல்வதற்கு நேர் எதிர். அந்த சீசனில் தென்கிழக்கு லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் விருதைப் பகிர்ந்துகொண்டார். 2014 பிப்ரவரியில் பொதுவில் சொன்னார். மே மாதம் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது 249-ஆவது ஆளாகத்தான் அழைக்கப்பட்டார். வழக்கமான சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-லில் அவருடைய வாழ்க்கை முடிந்தது. அந்த லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன முதல் வீரர் கார்ல் நாசிப் 2021-ல்தான் வந்தார்.

இந்த நாவல்களில் பணம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கல்லூரி உதவித்தொகையில். அமெரிக்கப் பள்ளிகளில் சுமார் 10 லட்சம் மாணவர்கள் அந்நாட்டுக் கால்பந்து ஆடுகிறார்கள். கல்லூரி அளவில் தொடர்ந்து ஆடுகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். அதில் முழுக் கட்டணமும் கிடைப்பவர்கள் இன்னும் குறைவு. தேர்வாளர் ஒருவர் கேலரியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் வாரத்தில்தான் விஷயம் வெளியாகும் என்பது இந்த வகையின் எழுதாத விதி. யாரும் ‘நீ கே, அதனால் வேண்டாம்’ என்று சொல்ல மாட்டார்கள். போன் வராது, அவ்வளவுதான். அந்த வராத போனுக்குக் காரணம் தன் ரகசியமா, தன் பலவீனமான இடதுகையா என்று பையனுக்குக் கடைசிவரை தெரியாது. இதைவிட நுட்பமான ஒடுக்குமுறைச் சித்திரம் ஒன்றை வில்லன்களை வைத்து எழுத முடியாது.

அப்பாவுக்கு வருவோம். வரிசையில் பெரும்பாலும் அவர்தான் கடைசி. அம்மாவிடம் சமையலறையில் சொல்லிவிடலாம். அம்மா பல நாவல்களில் ‘எனக்குத் தெரியும்டா’ என்கிற பாவனையோடு நிற்பாள். அப்பா கஷ்டம். வெறுப்பானவர் என்பதால் இல்லை. பந்து எறியக் கற்றுக்கொடுத்தவர் அவர். வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில் ஆறு வயதிலிருந்து மாலை மாலையாக எறிந்து பிடித்திருக்கிறார்கள். அவர்களுக்குள் பேச்சு என்பதே அந்தப் பந்துதான்; அன்பு, கோபம், சமாதானம் எல்லாம் எறிகிற வேகத்தில் இருக்கும். இப்போது பையன் சொல்லப்போவது அந்த மொழியில் இல்லாத ஒரு வாக்கியம். சொன்ன பிறகு அவர் பந்தை எடுப்பாரா மாட்டாரா?

இந்த இடத்தில் பல நாவல்கள் சோம்பல் படுகின்றன. அப்பா கதவைச் சாத்திக்கொண்டு போவார். இறுதிப் போட்டியன்று கேலரியின் மேல் வரிசையில், தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு, தனியாக வந்து உட்கார்ந்திருப்பார். பையன் நிமிர்ந்து பார்ப்பான். நாம் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். நானும் முதல் இரண்டு முறை துடைத்தேன். நான் எழுதுவதானால் அப்பாவை ஒரே ஒரு கேள்வி கேட்க வைப்பேன். பையன் சொல்லி முடித்ததும், நீண்ட நேரம் கழித்து, “கோச்சுக்குத் தெரியுமா?” என்று. அந்தக் கேள்வியில் மகனின் எதிர்காலத்தைப் பற்றிய கவலையும் இருக்கிறது, மானம் போய்விடுமோ என்ற பதற்றமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று அப்பாவுக்கே தெரியாது.

பெண் வீராங்கனைகளின் கதை இதே வரிசையில் போகாது, அதனால் அதற்கு வேறு நாவல்கள் தேவைப்படுகின்றன. பையன் விளையாடினால் சந்தேகம் வராது. பெண் விளையாடினால் சந்தேகத்தோடுதான் தொடங்குகிறது. முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட நாளிலிருந்தே மற்றவர்கள் அவளைப் பற்றி முடிவு செய்துவிட்டிருப்பார்கள். டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் 1981-ல் முன்னாள் துணைவி தொடுத்த வழக்கின் மூலம் போட்டு உடைக்கப்பட்டபோது, ஒரே நாளில் விளம்பர ஒப்பந்தங்கள் கிட்டத்தட்ட எல்லாம் போயின. சொல்லலாமா வேண்டாமா என்ற வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. அவரைப் போன்றவரின் பதினாறு வயதை எழுதுகிறவர், ‘எப்போது சொல்வாள்’ என்பதைவிட ‘எல்லோரும் நினைப்பது உண்மை என்று ஒப்புக்கொள்வது எவ்வளவு எரிச்சல்’ என்பதை எழுத வேண்டியிருக்கும்.

நான் இந்த நாவல்களுக்கு வைத்திருக்கும் ஒரு சோதனை: மேட்ச் காட்சிகளை எல்லாம் எடுத்துவிட்டுப் படித்தால் கதை நிற்கிறதா? நின்றுவிட்டால் விளையாட்டு அங்கே வெறும் ஜெர்சி. ரகசியம் ஆட்டத்துக்குள் புகுந்திருக்க வேண்டும். குவார்ட்டர்பேக் பின்னால் மூன்று அடி வைக்கிறான். எறிவதற்கு அவனுக்கு இருப்பது இரண்டரை, மூன்று வினாடி. ஓடுகிறவர்களில் ஒருவன், நேற்று விஷயம் தெரிந்தவன், தெரிந்ததிலிருந்து பேசவில்லை. அவன்தான் காலியாக நிற்கிறான். எறிந்தால் பிடிப்பானா, பிடிக்க மனசு வைப்பானா? அந்த யோசனைக்கு அரை வினாடி போகிறது. அதற்குள் நூறு கிலோ எடையுள்ள ஒருவன் வந்து மோதி இவனை மண்ணில் சாய்க்கிறான். கோச் ஓரத்தில் நின்று கத்துகிறார்: “அவன் சும்மாதானே நின்றான், ஏன் எறியவில்லை?” பதில் சொல்ல முடியாது. நம்பிக்கை என்ற சொல்லை ஒருமுறைகூட எழுதாமல் நம்பிக்கையைப் பற்றி எழுதுவது இப்படித்தான்.

கடந்த பத்தாண்டில் காற்று வேறு பக்கம் வீசுகிறது. துன்பம் குறைந்து காதல் கூடியிருக்கிறது. இதைக் கொண்டுவந்தவை பெரிய பதிப்பகங்கள் இல்லை, இணையத்தில் தொடராக, இலவசமாக வந்த படக்கதைகள். ஐஸ் ஹாக்கியை வைத்து இங்கோசி உகாசு 2013-ல் தொடங்கிய ‘செக், ப்ளீஸ்!’ அப்படி ஒன்று. ஆலிஸ் ஓஸ்மன் 2016-ல் தொடங்கிய ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ இன்னொன்று. 2022-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகி உலகம் முழுக்கப் போனது. அதில் நிக், பள்ளி ரக்பி அணியின் முக்கிய ஆட்டக்காரன், இருபாலீர்ப்புள்ளவன். சார்லி வேகமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு ரக்பிக்கு வரச் சொல்கிறான், அங்கிருந்து கதை. எனக்கு முக்கியமாகப் படுவது சார்லியின் முன்கதை. அவனைப் பற்றிய விஷயம் முந்தைய ஆண்டே பள்ளி முழுக்கப் போட்டு உடைக்கப்பட்டுவிட்டது. அந்தக் காயம் அவனுக்குத் தெரியும் என்பதால், நிக்கை அவசரப்படுத்துவதே இல்லை. யாரிடம், எப்போது என்பதை நிக்கே முடிவு செய்யட்டும் என்று காத்திருக்கிறான். பழைய நாவல்களில் காதலன் ‘என்னை ஏன் மறைக்கிறாய்’ என்று சண்டை போட்டுத்தான் கதையை நகர்த்துவான். இங்கே காத்திருப்பதே கதை.

இந்த நூல்கள் வாசகன் கைக்குப் போய்ச் சேர்வது எப்போதும் தனிச் சண்டை. இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் நான்சி கார்டனின் ‘ஆனி ஆன் மை மைண்ட்’ நாவல் 1993-ல் கான்சாஸ் நகரத்தில் கொளுத்தப்பட்டது. ஓலாதே பள்ளி மாவட்டம் அலமாரியிலிருந்து எடுத்தது. 1995-ல் கூட்டாட்சி நீதிமன்றம் திரும்ப வைக்கச் சொன்னது. வகுப்பறையில் பாலீர்ப்பு பற்றிப் பேசுவதைக் கட்டுப்படுத்தி 2022-ல் ஃபுளோரிடா போட்ட சட்டத்துக்குப் பிறகு அதே இழுபறி மறுபடி தொடங்கியது. கால்பந்து நாவல் என்று அட்டையைப் பார்த்து அப்பாவே வாங்கிக் கொடுத்துவிடக்கூடிய புத்தகம் என்பதில் இந்த வகைக்கு ஒரு சிறு அனுகூலம் உண்டு என்று நினைக்கிறேன்.

எழுதுகிறவர் யார் என்ற கேள்வியும் வந்து சேர்ந்தது. பெண்கள் ஏன் கே பையன்களைப் பற்றி எழுதிச் சம்பாதிக்கிறார்கள் என்று இணையத்தில் ஆண்டுக்கணக்கில் சண்டை. அதில் அதிகம் அடிபட்டவர் பெக்கி ஆல்பர்டாலி. அவருடைய 2015 நாவலே, ஒரு பையனின் ரகசியத்தை இன்னொருவன் போட்டு உடைப்பதைப் பற்றியது. அது பெரிய படமாகவும் வந்தது. 2020 ஆகஸ்டில், தாங்க முடியாமல், தான் இருபாலீர்ப்புள்ளவர் என்று எழுதினார். தான் விரும்பிய விதத்தில், விரும்பிய நேரத்தில் சொல்லவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து ஹார்ட்ஸ்டாப்பரில் நிக்காக நடித்த கிட் கானருக்கு அதுவே நடந்தது. தொடரின் முதல் சீசன் முடிவில் ரக்பி மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே நிக் ஆட்டத்தை விட்டு வெளியேறி, எல்லோர் முன்னாலும் சார்லியின் கையைப் பிடித்துக்கொண்டு போவான். பிறகு அம்மாவிடம் சொல்வான். அவனாக முடிவு செய்த நாளில், அவனாக அடுக்கிய வரிசையில். கானரை ரசிகர்கள் விடவில்லை. அவர் யாரோடு கைகோத்து நடந்தார், அப்படியானால் அவர் யார், பொய் வேடம் போடுகிறாரா என்று துருவினார்கள். 2022 அக்டோபர் கடைசியில் டிவிட்டரில் நான்கைந்து வரி எழுதினார். தான் இருபாலீர்ப்புள்ளவர் என்றும், தன்னைச் சொல்லவைத்துவிட்டதற்கு வாழ்த்துகள் என்றும், உங்களில் சிலருக்குத் தொடரே புரியவில்லை போலிருக்கிறது என்றும். அப்போது அவருக்கு வயது 18.